வாழை முடிக்கொத்து வைரஸ்: மரபும் பரிணாமமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழை போட்டிருப்பவர்கள், வேளாண் கல்லூரி மாணவர்கள், கொல்லையில் ரெண்டு வாழை வைத்திருப்பவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் முடிக்கொத்து நோயைப் பற்றியே பேசுகிறேன். வைரஸ்கள் எல்லாம் ஒரே வழியில் மாறுவதில்லை என்பதால், வாழையின் இன்னொரு வைரஸ் நோயான கீற்று நோயும் பப்பாளி வளையப்புள்ளி நோயும் நடுவில் வரும்.

முடிக்கொத்து நோய் வந்த வாழையை எப்படிக் கண்டுபிடிப்பது?

புது இலைகள் விரியாமல், குறுகி, விறைப்பாக நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இலை ஓரம் வெளிறும். ஆனால் இது முற்றிய நிலை. இந்த அளவுக்கு வந்தபின் கண்டுபிடிப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

முன்கூட்டியே பார்க்க வேண்டியது இலையின் அடிப்பக்கத்தையும் காம்பையும். இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சிறு நரம்புகளின் மேல் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் மாறி மாறித் தெரியும். மோர்ஸ் தந்திக் குறி என்று பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லும். நடுநரம்பைத் தொடும் இடத்தில் அந்தக் கோடுகள் கொக்கியாக வளைந்திருக்கும். கொக்கியைப் பார்த்துவிட்டால் சத்துக்குறைவு என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

சின்ன வயதில் தாக்கினால் தார் தள்ளாது. பிந்தித் தாக்கினால் தார் வரலாம், ஆனால் காய் சிறுத்துக் கோணலாகிவிடும். நோய் தொற்றியபோதே விரிந்திருந்த பழைய இலைகளில் எந்த அடையாளமும் வராது. அதற்குப் பிறகு பிறக்கும் இலைகளில்தான் தெரியும். மரம் நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று வந்துவிட்டது என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

இது வைரஸ் என்று எப்போது தெரிந்தது?

இந்த நோயின் முதல் பதிவு பிஜித் தீவுகளிலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வருகிறது. 1913இல் பிஜியிலிருந்து போன கன்றுகளோடு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் எல்லைப் பகுதியின் வாழைத்தொழிலே ஏறக்குறையப் படுத்துவிட்டது. அதை ஆராயப் போன மாகி என்ற தாவர நோயியலாளர், இது வைரஸ் நோய், வாழை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி இதைப் பரப்புகிறது என்று 1920களில் நிறுவினார். நோய் கண்ட குத்தை அடியோடு அழிப்பது, கண்ட இடத்திலிருந்து கன்று வாங்கக் கூடாது என்று சட்டம் போடுவது ஆகிய இரண்டையும் வைத்தே அந்நாடு தொழிலை மீட்டது.

வைரஸ் துகளையும் அதன் டிஎன்ஏவையும் பிரித்துப் பார்க்க 1990களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாழையின் உணவுக்குழாய்த் திசுவில் மட்டும், அதுவும் கொஞ்சமாகவே இருப்பதால் அது லேசில் கையில் சிக்கவில்லை. ஆக, அதன் மரபணு என்னவென்றே தெரியாத காலத்தில் வகுத்த கட்டுப்பாடுதான் இன்றுவரை உருப்படியாக வேலை செய்கிறது. பின்னால் வந்த மரபணு ஆய்வுகள், அது ஏன் வேலை செய்தது என்பதை விளக்கியிருக்கின்றன.

அதன் மரபுப்பொருள் எப்படி இருக்கும்?

ஒற்றை இழை டிஎன்ஏ வளையங்கள் ஆறு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,000 முதல் 1,100 எழுத்து நீளம் (டிஎன்ஏ இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்). மொத்தம் 6,500 எழுத்துக்குள் அடங்கிவிடும். வாழையின் மரபுத்தொகுதி 50 கோடி எழுத்துக்கு மேல். அதை முடக்க இவ்வளவுதான் தேவைப்படுகிறது.

ஆறு வளையங்களில் ஒன்று, நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் புரதத்துக்கானது. இந்த வளையம் இல்லாமல் மற்றவை பெருக முடியாது. இன்னொன்று உறைப் புரதம். மூன்றாவது செல்லிலிருந்து செல்லுக்கு நகர உதவுவது. நான்காவது உட்கருவுக்கு உள்ளும் வெளியும் போக்குவரத்து பார்ப்பது. ஐந்தாவது கொஞ்சம் தந்திரமானது: முதிர்ந்து ஓய்ந்த வாழைச் செல்லை மறுபடி டிஎன்ஏ நகலெடுக்கும் நிலைக்குத் தள்ளிவிடும். வைரஸிடம் சொந்த நகலெடுப்பு நொதி கிடையாது, வாழையின் நொதியையே நம்பியிருக்கிறது, அதனால்தான் இந்த ஏற்பாடு. ஆறாவதன் வேலை இன்னும் சரியாகத் தெளிவாகவில்லை.

ஆறிலும் பொதுவாக இரண்டு பகுதிகள் உண்டு. அவற்றில் ஒன்றில், நகலெடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் ஒன்பது எழுத்துத் தொடர் இருக்கிறது. அந்த அடையாளம் இருக்கிற வளையம் எதுவானாலும் தொடக்கப் புரதம் அதை நகலெடுக்கும். பின்னால் வரும் கலப்புக் கதைக்கு இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறும் ஒரே உறைக்குள் இருக்குமா?

இல்லை. ஒவ்வொரு வளையத்துக்கும் தனி உறை, 18 முதல் 20 நானோமீட்டர் குறுக்களவு.

அப்படியானால் ஒரு செல்லுக்குள் ஆறும் ஒன்றாக வந்து சேர்வது எப்படி?

இதுதான் பல்லாண்டு காலம் ஆய்வாளர்களைக் குடைந்த கேள்வி. ஆறு லாரியில் ஆறு சாமான் ஏற்றி அனுப்பி, எல்லாம் ஒரே வீட்டு வாசலுக்கு வந்தால்தான் கல்யாணம் நடக்கும் என்பது போன்ற ஏற்பாடு. ஒன்று வழிதவறினாலும் கதை முடிந்தது. தற்செயலை மட்டும் நம்பி இது ஓடுவது கஷ்டம்.

விடையின் ஒரு பகுதி 2019இல் பிரான்ஸின் மோன்பெலியே நகரிலிருந்து வந்தது. முடிக்கொத்து வைரஸின் நெருங்கிய உறவான, பாபா பீன்ஸ் என்ற அவரை வகைச் செடியைத் தாக்கும் எட்டு வளைய வைரஸை அங்கே ஆராய்ந்தார்கள். வெவ்வேறு வளையங்களுக்கு வெவ்வேறு நிறம் ஒளிரச்செய்து செல் செல்லாகப் பார்த்தார்கள். பெரும்பாலும் எட்டும் ஒரே செல்லில் இல்லை. ஒரு வளையம் ஒரு செல்லில் பெருகிக்கொண்டிருக்கும், ஆனால் அதைப் பெருக்கும் தொடக்கப் புரதத்தின் வளையம் அந்தச் செல்லிலேயே இருக்காது. பக்கத்துச் செல்லில் உண்டாகும் பொருள் இங்கே வந்து வேலை செய்கிறது. அதாவது இந்த வைரஸுக்குக் குடித்தன அலகு ஒற்றைச் செல் அல்ல, செல்களின் கூட்டம். வைரஸ் என்றாலே ஒரு செல்லுக்குள் நடக்கும் நாடகம் என்று படித்தவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி.

அதே குழு 2013இல் இன்னொன்றையும் காட்டியிருந்தது. எட்டு வளையங்களும் சம அளவில் இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விகிதம் உண்டு, செடி மாறினால் அந்த விகிதமும் மாறுகிறது. எழுத்தை மாற்றாமல், எண்ணிக்கையை மட்டும் கூட்டிக் குறைத்தே புதுச் செடிக்குப் பழகிக்கொள்ள இது ஒரு வழியாக இருக்கலாம். வாழை வைரஸிலும் அப்படியே நடக்கிறது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். குடும்பம் ஒன்று என்பதால் எதிர்பார்க்கலாம்.

இப்படிப் பிரிந்து கிடப்பதில் வைரஸுக்கு என்ன லாபம்?

கலப்பு. ஒரே வாழையில் இரண்டு வகை வைரஸ் நுழைந்துவிட்டால், இதிலிருந்து நான்கு வளையம், அதிலிருந்து இரண்டு என்று சேர்ந்து புதுக்கூட்டு உருவாகலாம்; முன்பு சொன்ன ஒன்பது எழுத்து அடையாளம் இருந்தால் தொடக்கப் புரதம் எந்த வளையத்தையும் நகலெடுக்குமே. இது தவிர ஒரு வளையத்தின் துண்டு இன்னொரு வளையத்தில் ஒட்டிக்கொள்ளும் மறுசேர்க்கையும் உண்டு. இரண்டுமே முடிக்கொத்து வைரஸில் பதிவாகியிருக்கின்றன. அதனால் ஒரே ஒரு வளையத்தைப் படித்துவிட்டு இந்த வைரஸ் இன்ன நாட்டிலிருந்து வந்தது என்று தீர்ப்புச் சொல்வது ஆபத்து. மற்ற ஐந்துக்கும் வேறு வரலாறு இருக்கக்கூடும்.

எவ்வளவு வேகமாக மாறுகிறது?

ஹவாயில் இந்த நோய் 1989இல் தலைகாட்டி, தீவு தீவாகப் பரவியது. அங்கிருந்து எடுத்த மாதிரிகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வு, தொடக்கப் புரத வளையத்தில் ஓர் எழுத்துக்கு ஆண்டுக்கு 0.00014 மாற்றம் என்று கணக்கிட்டது. மற்ற வளையங்களும் அதே வேகம் என்று வைத்துக்கொண்டால் ஆறு வளையங்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஓர் எழுத்து மாறுகிறது. வாழையின் நொதியையே பயன்படுத்தும் ஒரு டிஎன்ஏ வைரஸுக்கு இது வேகம்தான். ஒற்றை இழையாக இருப்பதால் எழுத்துகள் வேதியியல் முறையில் எளிதில் சிதைகின்றன என்பது ஒரு விளக்கம்.

ஹவாய்த் தொற்று முழுவதும் ஒரே ஒரு நுழைவிலிருந்து வந்தது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. யாரோ ஒருமுறை கொண்டுவந்த நடவுப்பொருள் போதுமாயிருந்திருக்கிறது.

உலகம் முழுவதும் ஒரே வைரஸா?

இனம் ஒன்றுதான், ஆனால் இரண்டு பெரிய கிளைகள். 1994இலேயே இது தெரிந்துவிட்டது. பிலிப்பைன்ஸ், தைவான், வியட்நாம் மாதிரிகள் ஒரு பக்கம். ஆஸ்திரேலியா, பிஜி, டோங்கா, எகிப்து, புருண்டி, இந்தியா ஆகியவை மறுபக்கம். தொடக்கப் புரத வளையத்தில் இரண்டு கிளைகளுக்கும் நடுவே சராசரியாக 10 விழுக்காடு வேறுபாடு.

மேலே சொன்ன ஹவாய் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டும் பிரிந்து 350 ஆண்டு என்று வரும். மாணவர்கள் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு உடனே கேட்பார்கள். நம்பாதீர்கள். சில ஆண்டு இடைவெளியில் அளந்த வேகம் நீண்ட காலத்துக்குப் பொருந்தாது, ஏனென்றால் குறுகிய காலத்தில் தெரியும் மாற்றங்களில் பல பின்னால் நிலைப்பதில்லை. உண்மையான வயது கூடுதலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இங்கே கவனிக்க வேண்டியது, வரைபடத்தில் பக்கத்தில் இருக்கும் நாடுகள் மரபில் பக்கத்தில் இல்லை என்பது. வியட்நாம் இந்தியாவுக்கு அருகில். ஆனால் நம் வைரஸ் பிஜியோடும் ஆஸ்திரேலியாவோடும் உறவு கொண்டாடுகிறது. அசுவினி கடல் தாண்டிப் பறந்து உண்டான உறவு இல்லை இது. கப்பலில் போன கிழங்கும் கன்றும் உண்டாக்கியது.

நம் பக்கம் எப்படி வந்தது?

இலங்கையில் 1913இல் பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து 1940 வாக்கில் கேரளத்துக்கு வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. அப்புறம் தமிழ்நாட்டு மலைகளில் ஏறியது.

தமிழ்நாட்டில் அதிகம் அடிவாங்கியது கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழை. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனது, சிறுமலை வாழையோடு சேர்த்துப் புவிசார் குறியீடும் பெற்றது. 1970களில் 18,000 ஹெக்டேர் இருந்த பரப்பு 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது என்பது ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. முழுப் பழியையும் வைரஸ் மேல் போடமாட்டேன், ஆனால் பெரும்பங்கு அதற்குத்தான்.

மலையில் ஏன் இவ்வளவு மோசம்? சமவெளியில் ஓரிரு தார் எடுத்துவிட்டுத் தோட்டத்தை அழித்து மறுபயிர் செய்வார்கள். மலையில் காப்பிக்கு நடுவே நட்ட வாழைக் குத்து பல ஆண்டுகள் கட்டை விட்டு வந்துகொண்டே இருக்கும். தாய்மரத்துக்கு நோய் என்றால் கிழங்கு வழியாக எல்லாக் கன்றுக்கும் நோய். அந்தக் கன்றைத்தான் பக்கத்துச் சரிவில் நடுவார்கள், உறவுக்காரருக்கும் கொடுப்பார்கள். வைரஸுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

அசுவினிக்கு மருந்தடித்தால் போதாதா?

போதாது. வாழை அசுவினி நோய்மரத்தில் பல மணி நேரம் உறிஞ்சினால்தான் வைரஸை ஏற்றிக்கொள்ளும். ஏற்றிக்கொண்டால் ஆயுள் முழுக்க வைத்திருக்கும், ஆனால் குட்டிகளுக்குக் கொடுக்காது. அசுவினிகள் குருத்தடியிலும் பட்டைக்குள்ளும் ஒளிந்திருக்கும், எறும்பு காவல் வேறு. மருந்து அங்கே போய்ச் சேர்வதே கஷ்டம்.

ஆஸ்திரேலியாவில் அளந்து பார்த்தார்கள். புதுத் தொற்றுகளில் மூன்றில் இரண்டு பங்கு, பக்கத்து நோய்மரத்திலிருந்து 20 மீட்டருக்குள் இருந்தன. 99 விழுக்காடு 86 மீட்டருக்குள். அசுவினியின் எல்லை அவ்வளவுதான். ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு தாண்டுவதெல்லாம் மனிதன் தூக்கிப்போகும் கன்றில். செலவழிக்கக் கொஞ்சம் பணமே இருக்கிறது என்றால் மருந்துக்கு முன் கன்றில் செலவழியுங்கள்.

நோய்மரத்தை வெட்டிப் போட்டால் சரியாகிவிடுமா?

வெட்டினால் அசுவினி பக்கத்து மரத்துக்குக் கிளம்பும். முதலில் குருத்திலும் பட்டையிலும் மருந்து ஊற்றி அசுவினியைக் கொன்றுவிட்டு, அப்புறம் கிழங்கு, கன்று எல்லாவற்றையும் சேர்த்து அழிக்க வேண்டும். நன்றாக இருக்கிற மாதிரி தெரிகிற பக்கக்கன்றை மனசு வராமல் விட்டுவைப்பதுதான் வழக்கமாக நடப்பது.

அரிவாளில் பரவுமா? பழம் சாப்பிட்டால் நமக்கு ஏதாவது ஆகுமா?

இரண்டுக்கும் இல்லை.

திசு வளர்ப்புக் கன்று என்றால் வைரஸ் இருக்காதுதானே?

திசு வளர்ப்பு நகலெடுக்கும் முறை. தாய்மரத்தில் வைரஸ் இருந்தால் ஆயிரம் கன்றிலும் அது போகலாம். தாய்மரத்தையும் கன்றுத் தொகுதியையும் சோதித்த பிறகு வருகிற கன்றுதான் நம்பகமானது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் இதற்கென ஒரு சான்றளிப்பு முறையைத் தொடங்கியது. வாங்கும்போது வைரஸ் சோதனைச் சான்று உண்டா என்று கேளுங்கள்.

எல்லாச் சோதனையும் செய்த பூவன் கன்றிலும் கீற்று நோய் வருகிறதே, அது எப்படி?

இது வேறு வைரஸ், இதன் பரிணாமமே வேறு மாதிரி. கீற்று வைரஸ் இரட்டை இழை டிஎன்ஏ, ஒரே வளையம், 7,400 எழுத்து அளவு. மாவுப்பூச்சி இதைப் பரப்பும். அது இல்லாமலும் வரும்.

நாம் சாப்பிடும் வாழைகளுக்கு இரண்டு காட்டு மூதாதைகள். ஒன்றின் மரபுத்தொகுதியை ஏ என்றும் இன்னொன்றை, விதைகள் நிறைந்த பல்பிசியானா வாழையின் தொகுதியை, பி என்றும் குறிப்பார்கள். ரொபஸ்டா ஏஏஏ, அதாவது அதன் மூன்று தொகுதியும் ஏ. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், விருப்பாட்சி எல்லாம் ஏஏபி. கற்பூரவல்லி ஏபிபி. எப்போதோ ஒரு காலத்தில் கீற்று வைரஸின் டிஎன்ஏ, பல்பிசியானாவின் குரோமோசோமுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அது விதை வழியாக, பிறகு கன்று வழியாக, வாழையின் சொந்தச் சொத்தாகவே கடந்து வருகிறது. 1999இல் இது வெளிவந்தபோது வாழை இனப்பெருக்கக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

ஒட்டிய துண்டுகள் சிதைந்து, புரண்டு கிடக்கின்றன. ஆனால் சிலவற்றில் முழு வைரஸுக்கான எழுத்துகள் அனைத்தும் இருக்கின்றன. குளிர், வறட்சி, கலப்பினம் செய்தல், திசு வளர்ப்பு போன்ற நெருக்கடி வந்தால், அந்தத் துண்டிலிருந்து முழு வைரஸ் எழுந்துவிடலாம். வெளியிலிருந்து எந்தப் பூச்சியும் வரத் தேவையில்லை. ஆகவே பி உள்ள ரகங்களில் கீற்று வைரஸ் அறவே இல்லாத கன்று என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனையில், எந்த நிலையில் என்று திருப்பிக் கேளுங்கள்.

இதற்கும் வழி தேடுகிறார்கள். கென்யாவில் 2019இல் ஒரு நேந்திர வகையில் மரபணுத் திருத்தம் செய்து, ஒட்டிய துண்டை வைரஸாக எழ முடியாதபடி உடைத்துக் காட்டினார்கள். பிரான்ஸில் எழக்கூடிய துண்டே இல்லாத பல்பிசியானா வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, கலப்புக்குத் தாயாக வைக்கும் முயற்சி நடந்தது. இரண்டாவது மெதுவானது, ஆனால் எனக்குப் பிடித்தது.

பப்பாளி வளையப்புள்ளி வைரஸுக்கும் இதே நியாயமா?

அது ஆர்என்ஏ வைரஸ், 10,300 எழுத்து அளவு, ஒரே இழை. நகலெடுக்கும்போது பிழை திருத்தம் கிடையாது, அதனால் மாற்றங்கள் எளிதில் சேரும். இந்த வைரஸில் இரண்டு வகை. ஒன்று பூசணிக் குடும்பத்தை மட்டும் தாக்கும். மற்றது பப்பாளியையும் தாக்கும். இரண்டாவது முதலாவதிலிருந்து பிறந்தது. வைரஸின் ஒரு புரதத்தில், குறிப்பிட்ட ஓர் இடத்திலுள்ள ஒரே ஓர் அமினோ அமிலம்தான் பப்பாளிக்குள் நுழைய முடியுமா முடியாதா என்று தீர்மானிக்கிறது என்று தைவான் ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். பப்பாளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஆனால் இந்த வைரஸின் வேறுபாடு மிகுந்து காணப்படுவது இந்தியத் துணைக்கண்டத்தில். பப்பாளி இங்கே வந்தபிறகு பூசணிக் கொடியிலிருந்து தாவியிருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் ஊகம்.

ஹவாயின் பூனா பகுதியில் 1992இல் இந்த நோய் புகுந்து பப்பாளித் தொழிலை ஆட்டிவைத்தது. வைரஸின் உறைப் புரத மரபணுவையே செடிக்குள் வைத்த ரெயின்போ ரகம் 1998இல் விவசாயிகள் கைக்கு வந்து நிலைமையை மாற்றியது. இங்கே அதை அப்படியே கொண்டுவந்தால் ஆகாதா என்று கேட்பார்கள். அந்த எதிர்ப்பு, செடிக்குள் வைத்த எழுத்தும் வரும் வைரஸின் எழுத்தும் ஒத்துப்போவதில் இருக்கிறது. ஹவாய் வைரஸுக்குத் தைத்த சட்டை, வேறுபாடு மிகுந்த நம் ஊர் வைரஸுக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

முடிக்கொத்துக்கு எதிர்ப்பு ரகம் உண்டா?

சாகுபடியில் இருக்கும் ரகங்களில் முழு எதிர்ப்பு எதிலும் இல்லை. குரோஸ் மிசேல் என்ற பழைய ஏற்றுமதி ரகத்தில் நோய் தொற்றுவதும் பெருகுவதும் கொஞ்சம் குறைவு.

சோதனைக்கு எந்த இலையை எடுப்பது? வைரஸ் இல்லை என்று முடிவு வந்தால் நம்பலாமா?

கடைசியாக விரிந்த இளம் இலையின் நடுநரம்புப் பகுதியை எடுங்கள். அசுவினி கடித்த இடத்திலிருந்து வைரஸ் முதலில் கீழே கிழங்குக்கு இறங்குகிறது, பிறகு அங்கிருந்து புதிதாகப் பிறக்கும் இலைகளுக்கு ஏறுகிறது. பழைய இலையைக் கிள்ளி அனுப்பினால் நோய் இருந்தும் இல்லை என்று வர வாய்ப்பு அதிகம். வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை நுட்பமானதுதான், ஆனால் இலையில் இல்லாத வைரஸை அதுவும் காட்டாது. பக்கத்தில் நோய்மரம் இருந்து, இந்தக் கன்றில் வைரஸ் இல்லை என்று முடிவு வந்தால், இன்னும் நாலைந்து இலை விரிந்தபிறகு இன்னொரு முறை அனுப்புங்கள். அதுவரை அந்தக் குத்திலிருந்து யாருக்கும் கன்று கொடுக்க வேண்டாம்.